பிள்ளை எழுதிவைத்த எங்கள் பங்கு வரலாறு

புதுச்சேரி மிஷன் வீதியில் நிற்கும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை ஊரில் யாரும் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. சம்பா கோவில்தான். ஆட்டோக்காரரிடம் பேராலயம் என்றால் ‘எந்தக் கோவிலு?’ என்பார். சம்பா கோவில் என்றால் ‘ஏறுங்க’ என்பார். இயேசு சபைக்காரர்கள் புனித பவுல் பெயரில் நடத்திய கோவில் இது. பிரெஞ்சுக்காரர் சொன்ன சென் பால் நம் வாயில் நசுங்கிச் சம்பா ஆகிவிட்டது. இப்போது நிற்பது அதே இடத்தில் எழும்பிய நான்காவது கோவில். 1791-ல் கட்டி முடித்தார்கள்.

பங்கு வரலாறு என்று ஒரு வகை எழுத்து உண்டு. எந்த ஊர்த் திருவிழா மலரைப் புரட்டினாலும் கொடியேற்றப் படத்துக்கும் உபயதாரர் பட்டியலுக்கும் நடுவில் இரண்டு பக்கம் அதற்கு ஒதுக்கியிருப்பார்கள். எந்த ஆண்டு எந்தச் சாமியார் அடிக்கல் நாட்டினார், எந்த ஆயர் மந்திரித்தார், மணிக்கூண்டு எப்போது வந்தது, கெபி எப்போது வந்தது. வாக்கியத்தின் எழுவாய் எப்போதும் சாமியார்தான். ‘பங்கு மக்களின் தாராள நன்கொடையால்’ என்ற ஒரே வரியில் மக்கள் வந்துவிட்டுப் போய்விடுவார்கள். நானும் சிறுவயதிலிருந்து இந்த மாதிரி மலர்களை விரும்பிப் படிப்பவன்தான், குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பங்கில் நடந்த உருப்படியான சண்டைகள் எதுவும் அதில் இருக்காது. சண்டை இல்லாத கோவில் எங்கே இருக்கிறது?

அந்த மலர் பாணியிலேயே எங்கள் கோவிலின் கதையைச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும். 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இந்தக் கடற்கரையில் பிரெஞ்சுக் கும்பெனிக்கு இடம் பிடித்தார். கப்புச்சின் சபைச் சாமியார்கள் கும்பெனிக்காரர்களுக்குப் பூசை வைத்தார்கள். சயாமில் 1688-ல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பில் பிரெஞ்சுக்காரர்களைத் துரத்தியபோது அங்கிருந்த இயேசு சபையார் சிலர் 1689-ல் இங்கே வந்து சேர்ந்தார்கள். பதினான்காம் லூயி மன்னரின் பண உதவியோடு பெரிய தோட்டம் ஒன்றை வாங்கி, 1692-ல் கோவில் கட்டினார்கள். அடுத்த வருடமே டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், கோவில் போனது. அவசரமாகக் கட்டிய இரண்டாவது நிலைக்கவில்லை. மூன்றாவது 1728 முதல் 1736 வரை பெரிதாக எழுந்தது. அதை 1761-ல் இங்கிலீஷ்காரர்கள் இடித்தார்கள். அப்புறம் இப்போது இருப்பது.

இந்தக் கணக்குப்படி இடித்தவர்கள் எல்லாரும் வெளியாட்கள், கட்டியவர்கள் எல்லாரும் நம்மவர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்ததையும், அதை யார் எதற்காக இடித்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வேறு ஆளிடம் போகவேண்டும். அந்த ஆள் கிறிஸ்தவர் இல்லை. எங்கள் கோவில் அவருக்குக் கொஞ்சமும் வேண்டாத கோவில்.

ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்கு அறிமுகம் வேண்டாம். வியாபாரி, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் துரைக்கு மொழிபெயர்த்துப் பேசிய துபாஷி, 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்தது, துரைக்குக் கோபம் வந்தது, யாருக்கு என்ன முடிச்சுக் கொடுத்தார்கள், எந்த நேரம் நல்ல நேரம் என்று எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில் எழுதித் தள்ளியிருக்கிறார். அவர் இறந்து எண்பதாண்டுக்கு மேல் கழிந்து, 1846-ல்தான் அந்த ஏடுகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. பிற்பாடு ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக மொழிபெயர்ப்பு வந்தது. அரசியலுக்காகவும் போருக்காகவும்தான் வரலாற்று ஆசிரியர்கள் அதைத் தேடுகிறார்கள். எனக்கோ அது எங்கள் பங்கின் பழைய நோட்டு.

பிள்ளைக்கு எங்கள் சாமியார்கள்மேல் இருந்த கசப்புக்குக் காரணம் உண்டு. அவருடைய நெருங்கிய உறவினர் நைனியப்பப் பிள்ளை கும்பெனியின் தலைமைத் தரகராக இருந்தார். அந்தப் பதவியில் ஒரு கிறிஸ்தவர்தான் இருக்கவேண்டும் என்று இயேசு சபையார் கவர்னரை நெருக்கிக்கொண்டே இருந்தார்கள். 1716-ல் நைனியப்பரைக் கைது செய்தார்கள், சொத்தைப் பறித்தார்கள், சவுக்கடி கொடுத்தார்கள். 1717-ல் அவர் சிறையிலேயே இறந்தார். தீர்ப்பு தவறு என்று பாரிஸ் பிறகு ரத்து செய்தது. அதற்காகப் பாரிஸ்வரை போன அவருடைய மகன் குருவப்பர் அங்கே ஞானஸ்நானம் பெற்று, செவாலியே பட்டத்தோடு திரும்பிவந்து அப்பாவின் பதவியில் உட்கார்ந்தார் என்பது கதைக்குள் இன்னொரு கதை. அவருக்குப் பிறகு அந்தப் பதவி கனகராய முதலியாருக்குப் போனது. கிறிஸ்தவக் குடும்பம், எங்கள் கோவில் பெரிய மனிதர். இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டுதான் பிள்ளை எழுதுகிறார். அவரை நடுநிலையாளர் என்று யாரும் நினைக்கவேண்டாம். வேண்டாதவர் கண்ணில் படுவது வேண்டியவர் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

1745-ஆம் வருடத்துக் குறிப்புகளில் இரண்டு சம்பவங்கள் வருகின்றன. ஒன்று விருந்து, இன்னொன்று சுவர்.

விருந்து உழவர்கரையில். இறந்துபோன மகனின் நினைவாகக் கனகராய முதலியார் அங்கே ஒரு கோவில் கட்டி முடித்து ஊரையே அழைத்தார். பிராமணர், வேளாளர், கோமுட்டி, செட்டி என்று ஒவ்வொரு சாதிக்கும் தோட்டங்களில் தனித்தனி இடம், தனித்தனிச் சமையல். பிராமணருக்குப் பிராமணர் சமைத்தார்கள். ஐரோப்பியருக்கு மேசை போட்டுத் தனி விருந்து. துய்ப்ளேக்ஸ் துரையும் வந்தார். இதையெல்லாம் வரிசையாக எழுதிவிட்டுப் பிள்ளை ஒரு முணுமுணுப்பைப் போடுகிறார்: கட்டியது கிறிஸ்தவக் கோவில், நடத்தியது இந்து முறை, இந்த மாதிரி இரண்டுங்கெட்டானாகச் செய்தால் எந்தப் பக்கமும் பேர் கிடைக்காது என்கிற தொனியில். பொறாமையும் இருக்கலாம். ஆனால் பந்திக்குப் பந்தி பார்த்துவைத்திருக்கிறார். அந்தக் கோவிலைக் கட்டியவரைப் பற்றி எழுதும் எந்த மலரும் யார் எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று சொல்லாது.

சுவர் விவகாரம் அதே வருடம் அக்டோபரில். சம்பா கோவிலுக்குள் வடபுறத்தில் ஒரு சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பறைச்சேரிக் கிறிஸ்தவர்கள். இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், சட்டைக்காரர்கள் என்ற கலப்பினத்தார், ஐரோப்பியர்கள். பூசை ஒன்றுதான், பீடம் ஒன்றுதான், நடுவில் சுவர். அந்த மாதத்தில் சேரி மக்கள் கூட்டமாகப் பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தான் என்றால் எங்களை மட்டும் ஏன் பிரித்துவைத்திருக்கிறீர்கள், கடவுள் எல்லாருக்கும் பொது என்று போதிக்கிறீர்களே என்று கேட்டார்கள். சாமியார் யோசித்துப் பார்த்து, அவர்கள் கேட்பது நியாயம் என்று ஒப்புக்கொண்டார். சுவரை இடிக்கச் சொன்னார். இடித்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு முதலில் ஆச்சரியமாக இருந்தது, சாமியார் ஒப்புக்கொண்டதற்காக அல்ல, கேட்டவர்களுக்காக. 1745-இல் ஒரு காலனி ஊரில், சாதியில் கடைசியில் வைக்கப்பட்டவர்கள், அந்த மதத்தின் சொந்தப் போதனையையே எடுத்து அந்த மதத்தின் சாமியாரிடம் வாதாடியிருக்கிறார்கள். யார் பேசினார்கள், எத்தனை பேர் போனார்கள் என்பதெல்லாம் நம் மலர் எழுத்தில் அடங்காது. அடங்கினாலும் ‘இயேசு சபைக் குருக்கள் தீண்டாமைச் சுவரை அகற்றினர்’ என்றுதான் எழுதுவோம். மறுபடி சாமியார் எழுவாய்.

சாமியார் ஏன் அப்போது இணங்கினார் என்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். நாற்பது வருடத்துக்கு முன்னால், 1703 நவம்பரில், போப்பாண்டவரின் தூதர் தூர்னோன் சீனாவுக்குப் போகும் வழியில் புதுச்சேரியில் இறங்கினார். இங்கே கப்புச்சின் சபைக்கும் இயேசு சபைக்கும் ஏற்கனவே தீராத சண்டை. தமிழர்களுக்கான பங்கை மயிலாப்பூர் ஆயர் இயேசு சபையிடம் கொடுத்துவிட்டார், கப்புச்சின்காரர்கள் ரோம்வரை முறையிட்டார்கள். இயேசு சபையார் தமிழ்ப் பழக்கவழக்கங்களுக்கு இடம் கொடுத்து மதத்தையே கெடுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தூர்னோன் மாதக்கணக்கில் தங்கி விசாரித்து, 1704 ஜூனில் ஒரு தடைப் பட்டியலை வெளியிட்டார்.

அந்தப் பட்டியல் இன்று படிக்க விசித்திரமாக இருக்கும். ஞானஸ்நானத்தில் சாமியார் தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைக்கும் சடங்கு அப்போது உண்டு. எச்சில் என்றாலே நம் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள் என்பதால் இங்குள்ள சாமியார்கள் அதை விட்டுவிட்டிருந்தார்கள். தூர்னோன் விடக்கூடாது என்றார். நெற்றியில் திருநீறு கூடாது, தாலியில் பிள்ளையார் உருவம் கூடாது, கிறிஸ்தவ மேளக்காரர்கள் இந்துக் கோவிலில் வாசிக்கக் கூடாது, மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களைக் கோவிலுக்கு வெளியே நிறுத்தக் கூடாது. கூடவே ஒன்று: பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் சாமியார் அந்த வீட்டுக்குள் போய்த்தான் நன்மை, அதாவது நற்கருணை, கொடுக்கவேண்டும், அவரை வெளியே தூக்கிவரச் சொல்லக்கூடாது. அப்படியானால் அதுவரை என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இதே பட்டியலில் எச்சிலும் இருக்கிறது, சேரி வீட்டு வாசலும் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடாத விஷயம். ஐரோப்பியப் பழக்கத்தை இங்கே திணிக்கும் பிடிவாதமும், சாதிக்கு வளைந்துகொடுக்காத நேர்மையும் ஒரே ஆளிடமிருந்து ஒரே தாளில் வந்தன. தமிழ்ப் பண்பாட்டை மதித்தார்கள் என்று நாம் புகழும் இயேசு சபையார் அந்தப் பண்பாட்டோடு சாதியையும் சேர்த்தே மதித்தார்கள். ஒன்றைப் பாராட்டிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. நாற்பது ஆண்டு மேல்முறையீடுகளுக்குப் பிறகு, 1744 செப்டம்பரில் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் வழக்கை முடித்துவைத்தார். பறையருக்கென்று தனிச் சாமியார்களை வைத்துக்கொள்கிறோம் என்று இயேசு சபையார் சொன்ன சமரசத்தை மட்டும் அனுமதித்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் சேரி மக்கள் சம்பா கோவில் வாசலில் வந்து நிற்கிறார்கள். ரோமிலிருந்து வந்த சேதி அவர்கள் காதுக்கும் எட்டியிருந்ததா என்று பிள்ளை சொல்லவில்லை. எனக்கென்னவோ எட்டியிருக்கும் என்றுதான் படுகிறது. சேரியில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது மேல்தெருவின் நம்பிக்கை மட்டுமே.

சுவர் போனதும் சாதிக் கிறிஸ்தவர்கள் சும்மா இருப்பார்களா? பிள்ளையின் குறிப்பு இங்கே சூடுபிடிக்கிறது. அதே நாட்களில் கனகராய முதலியாரின் உறவுக்காரப் பெண் ஒருத்தி மெல்லிய சேலையும் நகையும் வாசனையுமாகக் கோவிலுக்கு வந்தாள். சாமியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் அவளைக் கண்டித்தார். உன் புருஷனுக்கு வெட்கம் இல்லையா, இப்படி உடுத்திக்கொண்டு கோவிலுக்கு வரலாமா என்றெல்லாம் கேட்டு எழுப்பி அனுப்பிவிட்டார். சுவர் இடிந்த கோபத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டது. பெரிய வீட்டுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். இனிமேல் கோவிலுக்கு வருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். சாமியார் துய்ப்ளேக்ஸிடம் போய்ச் சொன்னார். துரை தன் பாணியில் தீர்த்துவைத்தார்: நாலு பேருக்கு மேல் கூடிப் பேசினால் பிடித்து உள்ளே போடு என்று உத்தரவு.

அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது. சமத்துவத்துக்காகச் சுவரை இடிக்கச் சொன்ன அதே வாய் அவளைச் சபையில் அவமானப்படுத்தியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்ததற்காகப் பிள்ளைக்கு நன்றி சொல்லவேண்டும். ஒரு கோவில் ஆள் எழுதியிருந்தால் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டிருப்பார்.

இதோடு நின்றால் நமக்குக் கொஞ்சம் பெருமையாகவே முடிந்திருக்கும். ஆனால் 1748 இருக்கிறது. எங்கள் கோவில் தோட்டத்தை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோவில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இல்லை. ஆரம்பத்திலிருந்தே இயேசு சபையார் அதை மூடவேண்டும், இடிக்கவேண்டும் என்று ஒவ்வொரு கவர்னரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊர் மக்கள் புறப்பட்டுப் போய்விடுவோம் என்று பயமுறுத்தியதால் கவர்னர்கள் தயங்கினார்கள். 1746-ல் சம்பா கோவில் பக்கத்திலிருந்து அசுத்தம் நிறைந்த சட்டியை ஈஸ்வரன் கோவிலுக்குள் வீசினார்கள் என்றும் பிள்ளை எழுதியிருக்கிறார். 1748 செப்டம்பரில் இங்கிலீஷ் கடற்படைத் தளபதி பாஸ்கவென் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரம். வெளியே போகவும் முடியாது, கூட்டம் கூடவும் முடியாது. அந்தச் சமயம் பார்த்து இடித்தார்கள். துய்ப்ளேக்ஸின் மனைவியும் சாமியார்களும் சேர்ந்து செய்த வேலை என்பது பிள்ளையின் கணிப்பு. காரைக்கால் பெரிய சாமியார் கெர்தூ லிங்கத்தைக் காலால் உதைத்து, சம்மட்டியால் உடைத்தார் என்று அவருக்குச் சேதி வந்தது. அதை எழுதும்போது பிள்ளையின் கை நடுங்கியிருக்கும். கூடவே தன் ஆட்களையும் அவர் விடவில்லை. ஒற்றுமை இல்லாமல் சாதிக்கொரு பக்கம் நின்றதால்தான் இது நடந்தது என்று வெளிப்படையாகவே வருத்தப்படுகிறார். வேதபுரீஸ்வரர் கோவிலைப் பிற்பாடு வேறு தெருவில் புதிதாகக் கட்டினார்கள்.

அந்தக் கெர்தூ சாமியாரை மொழியியல் படித்தவர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். 1767-ல் அவர் புதுச்சேரியிலிருந்து பாரிஸ் கல்விக்கழகத்துக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் இத்தனை சொற்கள் பொதுவாக இருக்கின்றனவே, எப்படி? எண்ணுப்பெயர்களையும் வினை வடிவங்களையும் ஒப்பிட்டுக் காட்டி, இந்த மொழிகளைப் பேசியவர்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தவர்கள் என்று வாதிட்டார். கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் இதே கருத்தைச் சொல்லிப் புகழ் பெற்றது 1786-ல். கெர்தூவின் கடிதத்தை அச்சிட்டதோ 1808-ல், அதற்குள் பெயர் ஜோன்ஸுக்குப் போய்விட்டது. அதற்கு முன்னால், 1742-ல், நம் ஊர்ச் சாயத்துணி எப்படிச் செய்கிறார்கள் என்று தன்னிடம் மதம் மாறி வந்த சாயக்காரர்களிடம் விசாரித்து, எந்த வேர், எத்தனை முறை துவைப்பு என்று பிரான்சுக்கு எழுதியவரும் இவரே. தொழில் ரகசியம் அப்படித்தான் கப்பலேறியது. 1779-ல் புதுச்சேரியிலேயே இறந்தார். ஒரு கையில் சம்மட்டி, ஒரு கையில் இலக்கணம். இந்த ஆளைப் புகழவா திட்டவா என்று நான் முடிவுக்கு வருவதில்லை. இரண்டும் சேர்ந்துதான் ஆள்.

1761 ஜனவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி இங்கிலீஷ்காரர்களிடம் சரணடைந்தார். அதற்குச் சில நாட்கள் முன்னால் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். கோட்டை, கவர்னர் மாளிகை, கோவில்கள் என்று இங்கிலீஷ்காரர்கள் ஊரை முறையாக, அவசரமில்லாமல் இடித்தார்கள். அந்த இடிபாட்டில் சம்பா கோவிலும் ஒன்று. எழுதிவைக்கப் பிள்ளை இல்லை. 1763-ல் பாரிஸ் உடன்படிக்கை, 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. 1773-ல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். பாரிஸ் வேதபோதகச் சபையார் பொறுப்புக்கு வந்தார்கள். பழைய அஸ்திவாரத்தின்மேல் முதலில் நடுப்பகுதி, பிறகு பக்கச் சிறகுகள், கடைசியில் முகப்பு என்று காசு கிடைக்கக் கிடைக்கக் கட்டினார்கள். முடிந்தது 1791-ல். பிரான்சில் புரட்சி நடந்து, கோவில் சொத்துகளை நாட்டுடைமையாக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அந்த நாட்டுச் சாமியார்கள் இங்கே ஒரு பெரிய கோவிலைத் திறந்தார்கள்.

கட்டடம் அழகா என்று கேட்டால், சுற்றுலா வருபவர்கள் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரு இருதய ஆண்டவர் கோவிலுக்குத்தான் போவார்கள். 1907-ல் கட்டி முடித்த அந்தக் கோவிலில் கூர்மையான வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளும் இருக்கின்றன. படம் எடுக்க அதுதான் தோது. சம்பா கோவில் அப்படி இல்லை. முகப்பில் கீழே இரட்டை இரட்டையாகக் கனத்த தூண்கள், மேல் அடுக்கில் இன்னொரு வகையில் இரட்டைத் தூண்கள். உள்ளே நடுவில் பெரிய கவிகை, அதைச் சுற்றி எட்டு வட்டத் திறப்புகள். பிரசங்கம் நீண்டால் பிள்ளைகள் அண்ணாந்து அதைத்தான் எண்ணுவார்கள். நானும் எண்ணியிருக்கிறேன். எனக்கு இந்தக் கோவில்தான் பிடிக்கும், சொந்தக் கோவில் என்ற ஓரவஞ்சனை இருக்கட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வளாகத்திலிருந்து வந்த சிறந்த சரக்கு கோவில் இல்லை, அச்சுக்கூடம். ‘சன்மவிராக்கினி மாதா கோவில் அச்சுக்கூடம்’ என்ற பெயர் போட்ட பழைய தமிழ்ப் புத்தகங்கள் இன்னும் வீட்டுப் பரண்களில் கிடைக்கும். மூசே, துப்புய் என்ற இரு சாமியார்கள் சேர்ந்து செய்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-லிருந்து இங்கேதான் அச்சானது. அந்தத் துப்புய் சாமியார்தான், 1844-ல் புதுச்சேரியில் சாமியார்கள் கூடி நடத்திய சங்கத்துக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். வேலை, பெண் குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது. அப்போது எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் தேவதாசி என்றுதான் ஊர் நினைக்கும். கௌரவமான வீட்டுக் கிறிஸ்தவர்களே பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். நூறு வருடத்துக்கு முன் சேலைக்காகத் திட்டு வாங்கிய பெண்ணின் ஊர் இது என்பதை மறக்கவேண்டாம்.

சாதிக்கு வருவோம். 1745-ல் சுவர் இடிந்தது என்றால் அதோடு பிரிவும் ஒழிந்தது என்று அர்த்தமில்லை. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோவில்கள் பலவற்றில் தனி இடம், தனி வாசல், தனிப் பாடை, தனிக் கல்லறை எல்லாம் அதற்குப் பிறகும் நீடித்தன. கல்லறைச் சுவர்கள் சில ஊர்களில் நம் காலம்வரை வந்திருக்கின்றன. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பீடம், அதற்கு வந்து சேரும் இரண்டு தனித்தனி நீள மண்டபங்கள், ஒன்று வேளாளருக்கு, ஒன்று நாடாருக்கு. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி. சுவரைக் கோவிலுக்குள் வைப்பது போய், சுவரையே கோவிலின் வடிவமாக்கிவிட்டார்கள். 1910-ல் கௌசானல் சாமியார் அதை இடித்து ஒன்றாக்கியபோது வேளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது, 1745-ல். 2022-ல் அவரைப் புனிதராக்கினார்கள். அவர் வடக்கன்குளத்தில் மே மாதம் தலையில் தண்ணீர் வாங்கினார், அதே வருடம் அக்டோபரில் புதுச்சேரியில் சுவர் இடிந்தது. இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே வருடம் என்பதைத் தெரிந்துகொண்டதிலிருந்து அந்த 1745 என் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

புதுச்சேரிக்குத் தமிழ்ப் பேராயர் வந்தது 1955-ல்தான், அம்புரோஸ் இராயப்பர். அதுவரை இங்கே ஆயர் நாற்காலியில் பிரெஞ்சுக்காரர்கள். இந்தத் தகவலை எல்லா மலரும் சரியாகப் போடும். போடட்டும். அதே பக்கத்தில் 1745 அக்டோபரையும் போடவேண்டும் என்பது என் கட்சி. சாமியாரை எழுவாயாக்காமல்: பறைச்சேரி மக்கள் கேட்டார்கள், சுவர் போனது என்று. பக்கத்திலேயே 1748-ஐயும் போடவேண்டும். அதைப் போடுவதால் எந்த மாதாவுக்கும் குறைவு வந்துவிடாது. திருவிழாவின்போது ஈஸ்வரன் கோவில் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த கதை நமக்கு மட்டும் தெரியாமல் இருப்பது என்ன நியாயம்?

பெரியப்பாவிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே நின்று சொன்னேன். எண்பதைத் தாண்டியவர், பாடற்குழுவில் இன்னும் அடித்தொண்டையில் பாடுகிறவர். ‘அதெல்லாம் அந்தப் பிள்ளைவாள் நம்ம மேல இருந்த காட்டத்துல எழுதினது’ என்றார் முதலில். சுவர் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் சின்ன வயதில் எந்த வரிசையில் யார் உட்காருவார்கள் என்று அவருக்குத் தெரியும், எனக்குச் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. துய்ப்ளேக்ஸ் உத்தரவுக்கு வந்தபோது மட்டும் சிரித்தார். ‘நாலு பேர் கூடினா உள்ள போடுன்னாரா? அப்போ நம்ம பாடற்குழு மொத்தமும் உள்ளதான் இருந்திருக்கும்’ என்றார். பிறகு அந்தப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொன்னார், பெரிய எழுத்தில்.